ஒரே சங்கு

பீடோங் கிளினிக்கில் என் எண் நாற்பத்தேழு.
"டெவாஜோட்டி" என்று கூப்பிட்டார்கள், எழுந்து போனேன்.
பையில் கர்ப்பப் புத்தகம், பாதி தின்ற பிஸ்கட்,
வலிப்பு மாத்திரை, காலைக்கு ஒன்று இரவுக்கு ஒன்று.
பதினெட்டாவது வாரம்.

டாக்டர் நூர்ஹிடாயா ஒரு தாளைத் திருப்பிப் போட்டுத்
தலை வரைந்தார்; பறங்கிக்காய் மாதிரி வந்தது.
நடுவில் குழி. நரம்பணுக்கள் அங்கேதான் பிறக்குமாம்.
பிறந்த இடத்தில் அநேகமாக எதுவும் தங்காது.
சில, இழையைப் பற்றிக்கொண்டு நேரே மேலேறும்.
சில, குறுக்கே, ரொம்ப தூரம், சுற்று வழியாக.
யார் வழி சொல்வது என்று கேட்டேன்.
"காபா" என்றார்.
எனக்கு மக்கா ஞாபகம் வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு
துடோங்கைச் சரிசெய்தபடி சிரித்தார்.
அந்தக் காபா இல்லை, இது ரசாயனம், துளியிலும் துளி.

அவர் மலாயில் சொன்னது என் தமிழில் இப்படித் தங்கியிருக்கிறது:
வாயும் காதும் முளைக்காத காலம்.
ஓர் அணு இன்னோர் அணுவைத் தொட்டுப் பேசுமுன்பே
சொல் வந்துவிடுகிறது.
யாருக்கென்று முகவரி இல்லாத சொல்
நீரில் கரைந்து கிடக்கிறது,
இங்கே அடர்ந்து, அங்கே மெலிந்து.
அணு முன்னே ஒரு கொடியை நீட்டி மோந்து பார்க்கிறது.
பிறகு உடம்பை இழுத்துக்கொள்கிறது.
நிற்கிறது.
மறுபடி நீட்டுகிறது.
குளுட்டமேட் என்று இன்னொரு பெயரும் சொன்னார்,
அதுவும் கூப்பிடுமாம். எழுதிக்கொள்ளவில்லை.

வளர்ந்தவர் மூளையில் காபா என்றால் "பொறு".
எனக்கு அது போதவில்லை போல;
ஆறாம் ஆண்டில், சபைகூடலில், நெகாராக்கூவின் நடுவே
விழுந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டு.
கருவுக்கோ அதே சொல் "எழு, நட".
அணுவுக்குள் உப்பு அதிகமாம், அதனால்.
உப்பு இறங்க இறங்க அர்த்தம் புரண்டுவிடும்.
நடந்தது நிற்கும். நின்ற இடம் வீடு.

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
செம்பனை ஆலைச் சங்கு காலையில் ஊதினால்
லயத்தில் பூட்ஸ் தேடுவார்கள்.
மாலையில் அதே சங்கு, அதே நீளம், அதே கரகரப்பு,
அரிவாள் கம்பு மரத்தில் சாயும்.
சங்குக்குத் தெரிந்தது ஒரே சொல்.
மிச்சமெல்லாம் கேட்கிறவன் உடம்பில்
எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதுதான்.

அப்படியானால் என் மாத்திரை?
அந்தச் சொல்லை உரக்கச் சொல்கிற மாத்திரையா இது?
அவர் பேனாவை மூடினார்.
முன்பு போட்டது அப்படித்தான், போன வருஷமே மாற்றினேன்.
இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன்.
நீயாக நிறுத்தி நீ விழுந்தால்
இரண்டு பேரும் விழுவீர்கள்.
"தாக் தாவு", தெரியாது, என்று இரண்டு தடவை சொன்னார்.
எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு நேப்பாளிகள், புதுசு,
பையில் விமானச் சீட்டு இன்னும் கிழிக்காமல்.
ஆலை எங்கே என்கிறார்கள் போலிருக்கிறது.
எனக்கு அவர்கள் பேச்சு தெரியாது.
மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.
வேகும் குலையின் புளித்த வாடை
கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.
ஒருவன் முகத்தை நிமிர்த்தினான். நடந்தார்கள்.
சந்து முனையில் நின்றார்கள், மறுபடி நடந்தார்கள்.

மோகனதாஸ் லாரியை இறக்கிவிட்டு வர ஒன்பதாயிற்று.
என்ன சொன்னார்கள் என்று கேட்டான்.
எல்லாரும் இன்னும் வந்து சேரவில்லை என்றேன்.
முழித்தான்.

தண்ணீர் ஊற்றி விழுங்கினேன்.
உள்ளே ஏதோ ஓர் அணு ஒரு கணம் தயங்கியிருக்கலாம்.
தயங்காமலும் இருந்திருக்கலாம்.
காலைக்கு இன்னொன்று, மூடிக்குள், வெள்ளையாக.